இறந்தோர் விருப்பமும் இருப்போர் விண்ணப்பமும்

ஈட்டிய பொருளைப் பொதுநலத்துக்கு எழுதிவைக்கும் வழக்கம் உலகில் மிகப் பழமையானது. எழுதிவைத்தவர் மறைந்தபின் அப்பொருளை யார் காப்பது, யாருக்குக் கொடுப்பது, கேட்பவர் எவ்வாறு கேட்பது என்னும் மூன்று வினாக்களும் அவ்வழக்கத்தைப் போலவே பழமையானவை. முதல் வினாவைப் பற்றிச் சட்ட நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றிச் சமய நூல்களும் ஒழுக்க நூல்களும் பேசுகின்றன. மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனினும், ஒரு சிற்றூரின் வாசகசாலையோ முதியோர் இல்லமோ மாலை வகுப்போ நிலைத்து நிற்பதும் நிலைகுலைவதும் பல வேளைகளில் இந்த மூன்றாம் வினாவையே பொறுத்திருக்கின்றன.

இம்மூன்றுக்கும் ஒருங்கே விடைகாண முயன்ற அமைப்பு ஒன்று 1914ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிளீவ்லாந்து நகரில் தோன்றிற்று. ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி பவுண்டேசன்’ எனப்படும் அதனைத் தமிழில் ‘சமூக அறநிதியம்’ எனலாம். ஒரே செல்வரின் பணத்தால் நடைபெறும் அறக்கட்டளையிலிருந்து அது வேறானது. ஒரு நகரத்து மக்கள் பலர் பெரிதும் சிறிதுமாகக் கொடுத்த பொருளை முதலாக வைத்துக்கொண்டு, அதன் வருவாயை அந்நகரத்தின் தேவைகளுக்கே பகிர்ந்தளிப்பது அதன் இயல்பு. இன்று உலகின் பல நாடுகளில் இத்தகைய நிதியங்கள் உள்ளன. சிங்கப்பூரிலும் 2008 முதல் ஒன்று இயங்கி வருகின்றது. உள்ளூர்ச் சங்கங்கள் இவற்றிடம் உதவித்தொகை கோரி விண்ணப்பிக்கின்றன. அவ்விண்ணப்பம் இன்றைய வடிவத்தை அடைந்த வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது.

சாவாத ஆடுகள்

முதலை அழிக்காமல் வருவாயைக் கொண்டு அறம் நடத்தும் முறை தமிழருக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் விளக்குக்குக் கொடுத்த கொடைகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. நுந்தா விளக்கு ஒன்றை எரிக்க விரும்பியவர் பெரும்பாலும் 96 ஆடுகளை ஒப்புவிப்பார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்துவர வேண்டும். ஆடுகள் மடியும், குட்டிகள் பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. இக்காரணம் பற்றியே அம்மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் பெயர் வழங்கிற்று. இன்றைய நிதித்துறையினர் அழியாத முதல் என்று சொல்வதை அக்காலத்தார் ஆட்டு மந்தையின்மேல் வைத்துச் சொல்லிவிட்டனர். ஞாயிறும் திங்களும் உள்ளவரை இவ்வறம் நடைபெற வேண்டும் என்பது கொடுத்தவர் கட்டளை.

விளக்கைப் பொறுத்தவரை இக்கட்டளை பொருந்தும். இரவு உள்ளவரை விளக்கின் தேவை மாறுவதில்லை. மனிதர் துன்பமோ காலத்துக்குக் காலம் வடிவம் மாறுவது. நேற்றைய துன்பத்தை எண்ணி எழுதிவைத்த கட்டளை இன்றைய துன்பத்தைக் காணாது. கொடுத்தவர் உயிரோடிருந்தால் மனத்தை மாற்றிக்கொள்வார். அவர் எழுதிய உயில் மாற்றிக்கொள்ளாது. மேலைநாட்டார் இக்குறையை ‘இறந்தவன் கை’ என்று குறிப்பிட்டனர்.

மூன்று உயில்கள்

இலண்டன் வணிகர் தாமஸ் பெட்டன் என்பார் 1723இல் எழுதிய உயிலின்படி, அவர் சொத்தின் வருவாயில் பாதி, துருக்கியிலும் வட ஆப்பிரிக்கக் கடற்கரையிலும் அடிமைப்பட்டுக் கிடந்த பிரித்தானியரை விலை கொடுத்து மீட்பதற்கு உரியதாயிற்று. அப்பொறுப்பை இரும்பு வணிகர் கழகத்தார் ஏற்றனர். பெட்டன் வாழ்ந்த நாளில் அது மிகப் பெரிய அறம். கடற்கொள்ளைக்காரர் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளை விற்ற காலம் அது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் அக்கொடுமை ஓய்ந்தது. மீட்பதற்கு அடிமைகள் இல்லை. பணமோ பெருகிக்கொண்டே இருந்தது. நீதிமன்றத்தில் நெடுநாள் வழக்கு நடந்த பின்னரே அந்நிதி பள்ளிகளுக்குப் பயன்படலாயிற்று.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மேயராக இருந்த பிரையன் முல்லன்பி 1851இல் காலமானார். தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறுவதற்காக அந்நகர் வழியே செல்லும் ஏழைப் பயணிகளுக்கு உதவ அவர் எழுதிவைத்திருந்தார். மூடு வண்டிகள் வரிசை வரிசையாக மேற்கு நோக்கிச் சென்ற காலத்தில் அதைக் காட்டிலும் பயனுள்ள உதவி வேறில்லை. இருப்புப் பாதை வந்தது, மேற்கு நிலங்கள் நிரம்பின, வண்டிகள் மறைந்தன. நகரத்தில் வறியவர் பலர் இருக்கவும், அந்நிதி பயணிகளைத் தேடி நின்றது.

மூன்றாவது உயில் அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதியது. 1790இல் மறைந்த அவர், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் தனித்தனியே 1,000 பவுன் விட்டுச் சென்றார். அப்பணம் 200 ஆண்டுகளுக்குரிய திட்டத்தோடு வந்தது. தொழில் பழகி முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட, மணமான இளங்கைவினைஞருக்கு நூற்றுக்கு 5 வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு 15 பவுனுக்குக் குறையாமலும் 60 பவுனுக்கு மேற்படாமலும் கொடுக்கலாம். கடன் கேட்பவர் தம் நல்லொழுக்கத்துக்குச் சான்றாக மதிப்புடைய இருவரைப் பிணையாகக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கைத் திருப்ப வேண்டும். உள்ளூர் நிதி ஒன்றிடம் விண்ணப்பிப்பவர் எத்தகுதி உடையவராயிருக்க வேண்டும், எச்சான்று காட்ட வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக வரையறுத்த பழைய ஆவணங்களுள் இஃது ஒன்று எனலாம்.

ஆயினும், தொழிற்சாலைகள் பெருகவே, குருவிடம் அமர்ந்து தொழில் பழகும் முறை தேய்ந்தது. விதித்த தகுதிகளோடு விண்ணப்பிப்போர் அருகினர். நூறாண்டு முடிவில் ஒவ்வொரு நிதியும் 131,000 பவுனாக வளரும் என்று பிராங்க்ளின் கணக்கிட்டிருந்தார். இரண்டு நகரங்களிலும் அத்தொகை சேரவில்லை. அவ்வளவு கூரிய அறிவினராலும் தம் காலத்துக்கு அப்பால் நூறாண்டைக் காண இயலவில்லை என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

இங்கிலாந்தின் வழக்கறிஞர் ஆர்தர் ஹாப்ஹவுஸ், பழைய அறக்கட்டளைகளின் இத்தகைய குறைகளைக் கண்டித்து ஆற்றிய உரைகள் 1880இல் ‘இறந்தவன் கை’ என்னும் பொருளுடைய தலைப்பில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் கருத்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஒரு பாங்குத் தலைவரின் மனத்தில் பதிந்தது.

கிளீவ்லாந்தில் பிறந்த வழி

அப்பாங்குத் தலைவர் பிரெடரிக் காஃப் என்பவர். 1858இல் பிறந்த அவர் முதலில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். 1908இல் கிளீவ்லாந்து டிரஸ்ட் கம்பெனியின் தலைவரானார். பிறர் சொத்தைப் பொறுப்பேற்றுக் காப்பது அந்நிறுவனத்தின் தொழில். ஆதலின் பலர் எழுதிய உயில்களை அவர் நெருங்கிக் காண நேர்ந்தது. ஒவ்வொரு செல்வரும் தனித்தனியே ஓர் அறக்கட்டளை அமைப்பதும், ஒவ்வொன்றும் ஒருநாள் பயனற்றுப் போவதும், அதை மாற்ற நீதிமன்றம் ஏறுவதும் வீண் என்று அவர் கருதினார்.

1914ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் அக்கம்பெனியின் இயக்குநர் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. அதனால் கிளீவ்லாந்து அறநிதியம் பிறந்தது. அத்தீர்மானத்தின் நுட்பம், காப்பவர் வேறு, கொடுப்பவர் வேறு எனப் பிரித்ததிலே அடங்கியுள்ளது. பணத்தைக் காத்து வளர்ப்பது பாங்கின் கடமை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது ஐவர் கொண்ட ஒரு குழுவின் கடமை. அவ்வைவருள் இருவரைப் பாங்கு நியமிக்கும். ஒருவரை மேயர் நியமிப்பார். மற்ற இருவரை நீதிபதிகள் இருவர் ஆளுக்கு ஒருவராக நியமிப்பர். ஒரே சமயப் பிரிவைச் சேர்ந்தவர் இருவருக்கு மேல் இருத்தல் கூடாது. அரசியல் பதவி வகிப்போரும் அப்பதவியை நாடுவோரும் குழுவில் இடம்பெறலாகாது. ஆடவர், மகளிர் இருபாலாரும் உறுப்பினராகலாம். இன, நிற, சமய வேறுபாடின்றி நகர மக்கள் அனைவர்க்கும் நிதி பயன்பட வேண்டும். 1914இல் இவ்வளவும் எழுத்தில் இடம்பெற்றது குறிப்பிடத் தக்கது.

கொடையாளர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். அவ்விருப்பம் காலத்துக்கு ஒவ்வாததாகும்போது, நீதிமன்றம் செல்லாமலே குழு அதனை மாற்றி, நகரின் அன்றைய தேவைக்குச் செலவிடலாம். சமூக அறநிதியத்தின் உயிர்நிலை இந்த மாற்றும் உரிமையே ஆகும். பிற்காலத்தில் 1976இல் வகுக்கப்பட்ட அமெரிக்க வரி விதிகளும் இவ்வுரிமையை இத்தகைய நிதியங்களுக்கு இன்றியமையாத இலக்கணமாக வைத்தன.

கொடுக்கும் முன் ஆராய்ந்தது

புதிய நிதியத்துக்குத் தொடக்கத்தில் பெரிய வருவாய் இல்லை. உயில் எழுதியவர்கள் உயிரோடிருந்தனர். கொடுக்கப் பணம் இல்லாத அக்காலத்தைக் காஃப் வீணாக்கவில்லை. நகருக்கு எது தேவை என்று ஆராய்வதில் நிதியம் ஈடுபட்டது. வறியோர்க்கு உதவும் முறை முதலில் ஆராயப்பட்டது. அடுத்து, 1915இலும் 1916இலும் நகரப் பள்ளிகள் ஆராயப்பட்டன. கல்விப் புள்ளிவிவரத்தில் வல்லவரான லெனார்டு அயர்ஸ் தலைமையில் நடந்த அவ்வாய்வு 25 தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு பகுதியும் பொதுமக்கள் கூடிய கூட்டங்களில் எடுத்துரைக்கப்பட்டது.

அத்தொகுதிகளுள் ஒன்று குடியேறியோர் பிள்ளைகளைப் பற்றியது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்களால் நிறைந்த நகரம் கிளீவ்லாந்து. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்ற நிலையில் படித்த பிள்ளைகளின் இடர்ப்பாடு அங்கே பொது வினாவாக வைத்து ஆராயப்பட்டது. பன்மொழி வழங்கும் நாடுகளில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இச்செய்தி தனிப்பட விளக்க வேண்டாதது. பின்னர்ப் பொழுதுபோக்கு வசதிகளும், 1921, 1922 ஆண்டுகளில் குற்றவியல் நீதி நிருவாகமும் ஆராயப்பட்டன. பின்னதை ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்களான ரோஸ்கோ பவுண்டு, பிலிக்ஸ் பிராங்பர்ட்டர் ஆகியோர் நடத்தினர்.

ஆகவே தொடக்கத்தில் நிதியமே தேவையைத் தேடிச் சென்றது. வருவாய் பெருகிக் கொடை வழங்கத் தொடங்கியபின், தேவையுடையோர் நிதியத்தைத் தேடி வரலாயினர். தேவையை மெய்ப்பிக்கும் சுமை கொடுப்பவர் தோளிலிருந்து கேட்பவர் தோளுக்கு மாறியது. இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் இதுவே. இதனை வெளிப்படையாகக் குறிப்பிட்டோர் அந்நாளில் மிகச் சிலரே.

மூன்று பொற்காசுகள்

கிளீவ்லாந்தைப் பார்த்து வேறு நகரங்களும் விரைவில் தொடங்கின. சிகாகோ, பாஸ்டன், செயின்ட் லூயிஸ், மில்வாக்கி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களில் 1915இலேயே இத்தகைய நிதியங்கள் அமைந்தன. கனடாவின் வின்னிபெக் நகரில் 1921இல் வில்லியம் பார்பஸ் அலோவே என்னும் பாங்குக்காரர் 100,000 டாலர் கொடுத்து அந்நாட்டின் முதல் சமூக அறநிதியத்தை நிறுவினார். நியூயார்க்கில் 1924இல் ஒன்று தோன்றிற்று. 1925இல் கலமசூ என்னும் சிறிய நகரில் மருந்துத் தொழிலதிபர் அப்ஜான் கொடுத்த 1,000 டாலரை முதலாகக் கொண்டு மற்றொன்று தொடங்கிற்று.

வின்னிபெக்கில் 1924இல் நடந்த நிகழ்ச்சி ஒன்று இன்றும் நினைவுகூரப்படுகின்றது. பெயர் கூறாத ஒருவரிடமிருந்து ஓர் உறை வந்தது. அதனுள் 15 டாலர் பெறுமான மூன்று பொற்காசுகள் இருந்தன. ‘கைம்பெண்ணின் காசு’ என்ற பொருளுடைய விவிலியத் தொடர் மட்டும் எழுதப்பட்டிருந்தது. பாங்குக்காரர் கொடுத்த நூறாயிரத்துக்கு அடுத்து அந்நிதியம் போற்றிக் காக்கும் கொடை அதுவே. நகரத்தின் நிதி செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அம்மூன்று காசுகள் நாட்டின.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும. கிளீவ்லாந்தில் 1913ஆம் ஆண்டிலேயே அறச்சங்கங்கள் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் பொதுவில் பணம் திரட்டிப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. பின்னர் அது ‘சமூக உண்டியல்’ என்ற வகையில் பல நகரங்களுக்கும் பரவியது. சம்பளம், வாடகை, விளக்குச் செலவு போன்ற நடைமுறைச் செலவுகளை உண்டியல் பார்த்துக்கொண்டது. எனவே அறநிதியங்கள் பொதுவாகப் புது முயற்சிகளுக்கும் சோதனைகளுக்கும் விதைப் பணம் கொடுப்பதையே விரும்பின. ஓராண்டு அல்லது மூன்றாண்டு உதவி கொடுத்து, அதன்பின் வேறு வழி தேடிக்கொள்ளுமாறு சொல்வது வழக்கமாயிற்று. பல சங்கங்களின் ஏமாற்றத்துக்கு இவ்வழக்கமே வேர். ஆசிரியர் சம்பளத்துக்குப் பணம் கேட்டவருக்குப் புதுத் திட்டம் உண்டா என்ற கேள்வியே விடையாகக் கிடைத்தது.

கொடுத்தபின் யார் காப்பது என்ற அச்சம் கொடுப்போரிடம் முன்னரே இருந்தது. ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். விண்ணப்பித்த ஊர்களை அவர் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் கடிதம் மூலமே ஆராய்ந்தார். நூலகத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே செலவிட வேண்டும் என்பன நிபந்தனைகள். ஆயினும் பின்னர்ப் பொருளியலார் ஆல்வின் ஜான்சன் பல நூலகங்களை நேரில் பார்வையிட்டு அறிக்கை தந்தபோது, கட்டடம் இருந்தும் நூலும் நூலகரும் போதாத நிலை பல இடங்களில் வெளிப்பட்டது. தாளில் கொடுத்த வாக்குறுதி போதிய சான்றாகாது என்பதைக் கொடையுலகம் அன்று கற்றது. இன்றைய விண்ணப்பங்களில் வருங்காலச் செலவுக்கு வழி யாது என்ற வினா தவறாமல் இடம்பெறுவதன் பின்னணி இத்தகைய அனுபவமே.

கடிதம் படிவமாகிய கதை

நெடுங்காலம் விண்ணப்பம் என்பது ஒரு கடிதமாகவே இருந்தது. சங்கத் தலைவர் பாங்குத் தலைவரை அறிந்திருந்தால் கடிதம் படிக்கப்படும். அறியாதவர் நிலை வேறு. எந்த நிதியம் எங்கே உள்ளது, எதற்குக் கொடுக்கின்றது என்பதே பலருக்குத் தெரியாது. 1952, 1954 ஆண்டுகளில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுக்கள் அறநிறுவனங்களைப் பற்றி விசாரணை நடத்தின. மறைவாக நடப்பது ஐயத்தை வளர்க்கும் என்று உணர்ந்த நிறுவனங்கள், 1956இல் நியூயார்க்கில் ஒரு செய்தி நூலகத்தை ஏற்படுத்தின. 1960இல் அறநிறுவனங்களின் பெயர்த் தொகுதி நூலாக வெளிவந்தது. பணத்தின் முகவரி முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது எனலாம்.

அடுத்த திருப்பம் 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம். தனியார் அறக்கட்டளைகளுக்கு அது கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. சமூக அறநிதியங்களோ, பொதுமக்கள் பலரிடமிருந்து கொடை பெறுவதை மெய்ப்பித்தால் பொது அறநிலையங்களாகக் கருதப்பட்டு அக்கட்டுப்பாடுகளிலிருந்து தப்பலாம். இதன் பயனாக அவை எண்ணிக்கையிலும் செல்வத்திலும் வளர்ந்தன. கொடை பெறும் சங்கமும் வரிவிலக்குப் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது எங்கும் முதல் நிபந்தனையாயிற்று. அத்தகுதி இல்லாத சிறு குழுக்கள், தகுதியுள்ள ஒரு சங்கத்தின் நிழலில் நின்று, அதன் வழியாகப் பணம் பெறும் முறையும் வளர்ந்தது.

1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நார்டன் கிரிட்ஸ் என்பவர் விண்ணப்பம் எழுதும் கலையைக் கற்பிக்க ஒரு நிலையம் தொடங்கினார். அவர் எழுதிய சிறு கையேடு பல்லாயிரம் சங்கங்களுக்கு வழிகாட்டியாயிற்று. சுருக்கம், சங்கத்தின் அறிமுகம், சிக்கல், குறிக்கோள், செயல்முறை, மதிப்பீடு, வருங்கால நிதி, வரவுசெலவு என்னும் உறுப்புகளாக விண்ணப்பத்தை அவர் வகுத்தார். இன்றும் நிதியங்களின் படிவங்களில் இவ்வுறுப்புகளே பெயர் மாறியும் மாறாமலும் காணப்படுகின்றன.

இவ்வகுப்பு வெறும் வடிவமன்று. சிந்தனைக்கு ஒரு பயிற்சி. எடுத்துக்காட்டாக, ‘எங்கள் வட்டாரத்தில் படிப்பகம் இல்லை’ என்று ஒரு சங்கம் எழுதுகின்றது எனக் கொள்வோம். படிப்பகம் இல்லாமை சிக்கல் அன்று. அஃது எழுதுவோர் எண்ணியுள்ள தீர்வின் இன்மை. பள்ளி விட்டபின் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடமும் துணையும் இன்றி வாசிப்பில் பின்தங்குகின்றனர் என்பதே சிக்கல். எத்தனை பிள்ளைகள், எவ்வகுப்பினர், எதனால் அறியப்பட்டது என்பன அதன் சான்றுகள். அவ்வாறே, ‘வாரம் மூன்று நாள் வகுப்பு நடத்துவோம்’ என்பது குறிக்கோள் அன்று, செயல்முறை. ஆண்டு முடிவில் இத்தனை பிள்ளைகள் தம் வகுப்புக்குரிய நூலைத் தாமே படிப்பர் என்பது குறிக்கோள். இவ்விரண்டையும் மயங்கவிடாமல் எழுதிய விண்ணப்பத்தில் வரவுசெலவுக் கணக்கும் தானே ஒழுங்குபடும். கணக்கில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் செயல்முறையில் ஓர் இடம் இருக்க வேண்டும். செயல்முறையில் கூறிய ஒவ்வொரு வேலைக்கும் கணக்கில் ஒரு தொகையோ, தொண்டர் உழைப்போ காட்டப்பட வேண்டும்.

கேட்போர் எழுப்பிய குரல்

இப்பயிற்சி நல்லதே. எனினும், நன்றாக எழுதத் தெரிந்தவர் நன்றாகப் பணி செய்பவர் ஆகிவிடுவரோ என்னும் வினா எழாமற் போகவில்லை. பெரிய நிறுவனம் விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். சிறு சங்கத்திலோ பகலெல்லாம் வேறு வேலை பார்த்த செயலாளர் இரவில் அமர்ந்து எழுத வேண்டும். அந்நிதியத்தின் மொழி அவருக்கு இரண்டாம் மொழியாகவும் இருக்கலாம். தேவை மிகுந்த இடத்தில் எழுத்து வன்மை குறைந்திருப்பது உலகியல்பு. அவ்வாறாயின் படிவம் அளப்பது தேவையையா, எழுத்தையா?

இவ்வினா 1975இல் வெளிப்படையாக எழுந்தது. அமெரிக்கக் கொடை முறையை ஆராய 1973இல் அமைந்த பைலர் ஆணையம், கொடுப்போர் சொல்லையே கேட்கின்றது, பெறுவோர் சொல்லைக் கேட்பதில்லை என்று, உதவி நாடும் அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து முறையிட்டன. ‘பெறுவோர் குழு’ என அறியப்பட்ட அவை தனி அறிக்கையே வெளியிட்டன. அடுத்த ஆண்டில் அக்குழுவிலிருந்து நிலையான கண்காணிப்பு அமைப்பு ஒன்று உருவாயிற்று. ஏழைகள், சிறுபான்மையினர், மகளிர் ஆகியோரின் அமைப்புகளுக்கு நிதியங்கள் எவ்வளவு கொடுக்கின்றன என்பதை அது கேட்கத் தொடங்கிற்று. விண்ணப்பிப்பவர் திரும்பி நின்று வினவியது அதுவே முதல் பெரு நிகழ்ச்சி எனலாம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. 1931இல் நியூயார்க் நிதியம் ஒரு புது முறையை ஏற்றது. கொடையாளர் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை யாருக்கு வழங்கலாம் என்று தம் வாழ்நாளில் ஆலோசனை கூறிவரலாம் என்பது அம்முறை. அது பிற்காலத்தில் மிக விரிவாகப் பரவியது. இதனால் நிதியத்தின் மொத்தச் செல்வம் பெரிதாகத் தோன்றினும், குழு தன் விருப்பப்படி வழங்கக்கூடிய பகுதி அதில் ஒரு கூறே ஆகும். பொது விண்ணப்பங்களுக்கு உரியது அக்கூறு மட்டுமே. இறந்தவன் கையை விலக்கப் பிறந்த அமைப்பில் இருப்பவன் கை வலுப்பெற்றது என்று சிலர் குறைகூறுவர். கொடையாளர் உள்ளம் நிறைந்தால்தான் கொடை பெருகும் என்று வேறு சிலர் விடையிறுப்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. விண்ணப்பிக்கும் சங்கம் அறிய வேண்டுவது, மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் தனக்குரிய வாயில் எது என்று முதலில் கேட்டறிவதே.

மலேசியாவும் சிங்கப்பூரும்

இந்நாடுகளில் பொதுப்பணிக்கு உதவி கேட்பது பழகிப்போன செயலே. பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அரசு மானியத்துக்கு மனுச் செய்து வந்துள்ளன. ஊர்மக்களிடம் நன்கொடைப் புத்தகம் கொண்டுசெல்வதும் புதிதன்று. சமூக அறநிதியம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 2008இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர்ச் சமூக அறநிதியம், கொடையாளர்கள் தம் பெயரிலோ குடும்பத்தின் பெயரிலோ நிதி ஏற்படுத்தவும், அதிலிருந்து உள்நாட்டுச் சங்கங்களுக்கு உதவவும் வழி செய்கின்றது. மலேசியாவில் 2009இல் தொடங்கிய ‘திங்க் சிட்டி’ என்னும் அமைப்பு, பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் பழைய கட்டடங்களையும் பண்பாட்டையும் காக்க முன்வந்தோர்க்கு உதவித்தொகை வழங்கியது. பெயர் வேறாயினும் ஓர் ஊரின் மக்கள் தம் ஊருக்காக விண்ணப்பிக்கும் முறையே அங்கும் அமைந்தது.

விண்ணப்பத்துக்கு முன்னே வேண்டுவன சில. சங்கம் முறையாகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். மலேசியாவில் இதற்கு 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டம் உண்டு. கொடுப்பவர்க்கு வரிக்கழிவு கிடைக்க வேண்டுமாயின், 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் ஒப்புதல் பெறவேண்டும். சிங்கப்பூரில் அறநிலையப் பதிவும், அதற்கு மேல் பொதுநல நிறுவனம் என்னும் தகுதியும் உள்ளன. ஆண்டுக் கூட்டம் உரிய காலத்தில் நடந்திருத்தல், கணக்குத் தணிக்கை செய்யப்பட்டிருத்தல், பணப்பொறுப்பு ஒருவர் கையிலேயே இல்லாதிருத்தல் ஆகியவற்றைக் குழுவினர் எங்கும் பார்ப்பர். இவை விண்ணப்பம் எழுதும் வாரத்தில் தேடிப் பெறக்கூடியவை அல்ல. ஆண்டுகள் பலவற்றின் ஒழுங்கால் வருபவை. நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் பேணிவந்த செயலாளர் உள்ள சங்கம், எழுத்து வன்மை குறைந்ததாயினும், சான்றில் வலிமை பெற்றிருக்கும்.

2020இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில், நூற்றுக்கணக்கான அமெரிக்க நிதியங்கள் தம் நிபந்தனைகளைத் தளர்த்துவதாக உறுதிமொழி அளித்தன. குறிப்பிட்ட திட்டத்துக்கென ஒதுக்கிய பணத்தைச் சங்கங்கள் தம் பொதுச் செலவுக்குப் பயன்படுத்தலாம். அறிக்கைகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்பன அவற்றுள் முதன்மையானவை. பசித்தவரிடம் படிவம் நீட்டுவது பொருந்தாது என்பது நெருக்கடியில் தெளிவாயிற்று. அத்தெளிவு நிலைக்குமா என்பதே இன்று கேட்போரும் கொடுப்போரும் எதிர்நோக்கும் வினா.

அறிஞர் பிராங்க்ளின் இருவர் பிணை கேட்டார்; கார்னகியின் செயலாளர் பத்தில் ஒரு பங்கு கேட்டார்; இன்றைய குழு எட்டு உறுப்புகள் கொண்ட விண்ணப்பம் கேட்கின்றது. கேட்கும் முறை மாறினும், கேட்கப்படுவது ஒன்றே: இப்பணம் வீண்போகாது என்பதற்கு யாது சான்று? அவ்வினாவுக்கு விடை சொல்ல மிகவும் தகுதியுடையவர், அன்றாடம் அத்தெருவில் நடந்து, அப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் உள்ளூர்த் தொண்டரே. அவர் அறிந்ததை அவரே எழுதக் கற்பதும், எழுத இயலாதபோது குழுவினர் நேரில் வந்து காண்பதும் இரண்டும் வேண்டற்பாலன. 1914இல் கிளீவ்லாந்து நிதியம் பணம் கொடுக்கும் முன்னே நகரத்தை ஆராயப் புறப்பட்டது. தேவையைத் தேடிச் செல்லும் கடமை கொடுப்பவர்க்கும் உண்டு என்று அது காட்டிய வழி, நூறாண்டு கடந்தும் பழமை அடையவில்லை.